வேனின் பின் சீட்டைக் கழற்றச் சொன்னவள்

1. செவ்வாய்க்கிழமை ஏழரை மணி

சவரிமுத்துவின் அழைப்பு வந்தபோது காலை ஏழரை மணி இருக்கும். கண்டியில் நான் வேலை பார்த்த கணக்காய்வுக் கந்தோருக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, அப்போதுதான் யன்னல்களைத் திறந்துவிட்டு, முதல் நாள் அரைகுறையாக விட்ட ஒரு வரி விவரத்திரட்டை மேசையில் விரித்திருந்தேன். வெளியே நல்ல மழை.

"மிஸ், வேன் றோட்டோரக் காணுக்குள்ள போயிருச்சு," என்றார்.

"உங்களுக்கு ஏதும் காயமோ?"

"எனக்கு ஒன்னும் இல்ல மிஸ். பின்னால இருந்தவங்களுக்குத்தான்."

"பின்னால ஆர் இருந்தது? அது சாமான் வேன் எல்லோ?"

மழைச் சத்தமும், யாரோ ஒரு பெண் முனகுவதும் கேட்டன. பிறகு குரலைத் தாழ்த்தி, "கிளினிக் போறவங்க மிஸ். ஏழு பேரு," என்றார்.

விபத்தில் மாட்டிய மனிதர் வரிக் கணக்கு எழுதுகிறவளுக்கு ஏன் எடுத்தார் என்று கேட்பீர்கள். அம்புலன்சுக்கும் பொலிசுக்கும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அந்த வேனின் காகிதம் எல்லாம் என்னிடம்தான் இருந்தது. அதை எப்படி வாங்குவது, எப்படிப் பதிவது, உள்ளே என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னவள் நான். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழில் செய்தவள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நடுவில் வரும் வரிச் சமாச்சாரம் அலுப்புத் தட்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. வாங்குவதா, லீசிங் போடுவதா

சவரிமுத்து மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர். கண்டியில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கத் தொடங்கி, பிறகு சொந்தமாகவே சாமான் எடுத்துத் தோட்டக் கடைகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தார். மா, பருப்பு, கருவாடு, சவர்க்காரம், இதுதான் வியாபாரம். ஆளைப் பார்த்தால் வரி கட்டுகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பில் துண்டுகளை மாதவாரியாக நூல் போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். பெரிய முதலாளிமார் பலரிடம் நான் அந்த ஒழுங்கைக் கண்டதில்லை.

வாடகை லொறிக்குக் கொடுத்தே இலாபம் கரைகிறது, சொந்தமாக ஒரு வேன் எடுக்கவேண்டும் என்று அவர் வந்து உட்கார்ந்தது, வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வேனுக்கு வீட்டு விலை சொன்னார்கள்.

"கையில இருக்குற காசப் போட்டு வாங்குறதா, இல்ல லீசிங் போடுறதா மிஸ்? எதுல வரி கொறையும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்கு இடியப்பம் பிழிகிற மாதிரிக் கைபழகிய வேலை. மடமடவென்று சொன்னேன். முழுக் காசையும் கொடுத்து வாங்கினால் அந்த வருடமே முழுவதையும் செலவாகக் கழிக்க முடியாது. சாமான் ஏற்றும் வண்டி என்றால் விலையை ஐந்தாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பங்காக ஐந்து வருடம் கழிக்கலாம். கடைசியில் வண்டி நம் பெயருக்கே வரும் லீசிங் என்றால், லீசிங் கொம்பனியின் பெயர் காகிதத்தில் இருந்தாலும் வரிச் சட்டம் வண்டியை நம்முடையதாகவே பார்க்கும். அதே ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். தவணையில் உள்ள வட்டிப் பகுதி தனியே செலவாகும். தவணை முழுவதையும் செலவில் போடக்கூடாது. பலர் பிழைவிடுவது அங்கேதான்.

"ஆனா ஒண்டு," என்றேன். "ஆள் ஏத்துற வண்டியெண்டு போட்டால் ஒரு சதமும் கழிக்க விடாங்கள். என்ன வேன் பாத்திருக்கிறியள்?"

அவர் பார்த்திருந்தது முன்னால் டிரைவர் சீட்டும், பின்னால் இரண்டு வரிசை நீளச் சீட்டும் வைத்த வேன். ஆளுக்கும் சாமானுக்கும் பொது என்று பதிவுப் புத்தகத்தில் இருந்தது. அப்படிப்பட்டதை வரிக் கந்தோரில் துருவித் துருவிக் கேட்பார்கள். எவ்வளவு பாரம் ஏற்றுவாய், எத்தனை பேரை ஏற்றுவாய் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வரும்.

"வேனை எடுங்கோ. எடுத்துப்போட்டுப் பின் சீட் ரெண்டையும் கழட்டி, தகடு அடிச்சு, சாமான் வண்டியெண்டு பதிவை மாத்துங்கோ," என்றேன்.

"சீட்ட கழட்டணுமா மிஸ்? நல்ல மெத்த சீட்டு மிஸ்."

"பருப்பு மூட்டையே சீட்டில இருந்து வரப்போகுது?"

சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதில் பெருமையும் உண்டு. சிரித்து முடிந்ததும், "இல்ல மிஸ், காலைல நாங்க கீழ எறங்குறப்ப..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மேசையில் போன் அடித்தது. பேசி முடித்து வைத்தபோது அவர் பில் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஆள் வாசலில் நின்றார்.

3. நான் எழுதிய கடிதம்

லீசிங்கில் வேன் வந்தது. பதிவை மாற்ற மூன்று மாதம் இழுபட்டது. அதுவரை சீட்டோடுதான் ஓடியது. பிறகு கழற்றித் தகடு அடித்து, சாமான் வண்டி என்று புத்தகமும் வந்தது. காப்புறுதியையும், அதாவது இன்சூரன்சையும், சாமான் வண்டிக்கே மாற்றினோம். கட்டணம் கொஞ்சம் குறைந்தது. அதையும் நான்தான் அவருக்கு நல்ல சேதியாகச் சொன்னேன்.

எதிர்பார்த்தபடி வரிக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டார்கள். ஆங்கிலத்தில் பதில் தயாரித்தேன். வண்டி சாமான் ஏற்றுவதற்கு உரியது என்று எழுதியிருந்தாலே போதும். நான் விடவில்லை. மறு கேள்வி வரக்கூடாது என்ற வெறியில், எந்த வேளையிலும் எந்தத் தேவைக்கும் இதில் ஆட்கள் ஏற்றப்படுவதில்லை என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை.

"என்னா மிஸ் எழுதியிருக்கு?" என்றார் சவரிமுத்து.

"வேன் சாமானுக்கு எண்டு எழுதியிருக்கு. இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

"நீங்க சொன்னா சரி மிஸ்," என்று போட்டார். இரண்டு நிமிடம் செலவழித்துத் தமிழில் சொல்லியிருந்தால் அவர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

வரிக் கந்தோரில் அந்தக் கழிவை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருடம் அவருக்கு மிச்சமான வரி, வேனுக்கு இரண்டு டயரும் ஒரு பேட்டரியும் வாங்கும் காசு. மறுவாரம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். கந்தோரில் எல்லாருக்கும் பங்கு வைத்தேன்.

4. வெறும் வண்டி

சவரிமுத்து அன்று சொல்ல வந்தது என்ன என்பதை விபத்துக்குப் பிறகுதான் அறிந்தேன்.

அவருடைய வேன் காலையில் மடுல்கெல்லயில் இருந்து வெறுமையாகக் கீழே இறங்கும். கண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு பின்னேரம் மேலே போகும். செவ்வாய்க்கிழமை கண்டி ஆஸ்பத்திரியில் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக். நேரத்தோடு போய் நம்பர் எடுக்காவிட்டால் அன்றைய நாள் வீண். அன்றைய பேரும் வீண். தோட்டத்தில் 'பேர்' என்றால் அன்றைய சம்பளம். முதல் பஸ் வந்தால் வரும், நிறைந்து வந்தால் நிற்காது. வெறும் வண்டியோடு இறங்குகிற ஒருவர், கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு றோட்டில் நிற்கிற சொந்தத் தோட்டத்துச் சனத்தைத் தாண்டிப் போகமாட்டார். அங்கே அது வழக்கம். யாரும் அதை உதவி என்றுகூடச் சொல்வதில்லை. காசும் வாங்கமாட்டார். பதிவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமைதான்.

முதல் மூன்று மாதமும் அவர்கள் சீட்டில் உட்கார்ந்து போனார்கள். சீட்டைக் கழற்றிய பிறகு தகட்டின் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். பிடித்துக்கொள்ள உள்ளே இரண்டு பக்கமும் கயிறு கட்டிக்கொடுத்தார் சவரிமுத்து.

பன்விலவுக்குக் கீழே ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக் போட்டார். மழை றோட்டில் வேன் வழுக்கி, மெதுவாகக் காணுக்குள் ஒரு சில்லை இறக்கிக்கொண்டு நின்றது. முன் லைட் ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். சீட்டில் இருந்திருந்தால் எழுந்து தூசி தட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று வண்டியைப் பார்வையிட்ட மெக்கானிக் சொன்னார். ஆறு பேர் சிராய்ப்போடு தப்பினார்கள். லெட்சுமி என்ற கொழுந்து பறிக்கிற பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், கயிறு கைநழுவி, பின்கதவின் இரும்பு விளிம்பில் முதுகு அடிபட விழுந்தாள். முள்ளந்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

5. காப்புறுதிக்காரர்

லெட்சுமிக்கு நட்டஈடு கிடைக்குமா என்பதுதான் அதற்குப் பிறகு ஒரே கேள்வி. கிடைத்தால் அவளைப் பார்க்க ஒரு ஆள் வைக்கலாம், புருஷன் ராமையா வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பம் படுத்துவிடும்.

காப்புறுதிக் கொம்பனியின் விசாரணை அதிகாரி கந்தோருக்கு வந்தார். மரியாதையான மனிதர். கோப்பைத் திறந்து என் கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்தார்.

"இது உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?" என்றேன்.

"சவரிமுத்துதான் தந்தாரு மிஸ். இது நம்ம மிஸ் எழுதுன கடிதம், இதக் காட்டுனா எல்லாம் சரியாகும்னு சொல்லிக் குடுத்தாரு."

அந்த அப்பாவி மனிதர், எங்கள் கந்தோர்த் தலைப்புப் போட்ட காகிதம் என்றால் தனக்கு நன்மைதான் செய்யும் என்று நம்பி, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

அதிகாரி சொன்னது சுருக்கம். காப்புறுதி சாமான் வண்டிக்கு. பின்னால் ஏறியவர்களுக்கு அதில் இடமில்லை. ஆட்களை ஏற்றக்கூடாது என்று தெரிந்திருந்தும் ஏற்றியிருக்கிறார் என்பதற்கு அவருடைய கையெழுத்தோடு கடிதமும் இருக்கிறது.

அன்று பின்னேரம் எங்கள் கந்தோரை நடத்தும் கணக்காய்வாளர் சேரிடம் போனேன். என்னைப் போலவே யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கண்டியில் வேரூன்றியவர். கடிதத்தை எழுதியது நான், அவருக்கு வாசித்துக் காட்டவில்லை, சீட்டைக் கழற்றச் சொன்னதும் நான் என்று காப்புறுதிக்கு ஒரு கூற்று எழுதிக்கொடுக்கப்போகிறேன் என்றேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "நீர் சொன்ன ஆலோசனையில சட்டப் பிழை இருக்கோ?"

"இல்லை சேர்."

"பிறகேன் தலையைக் குடுக்கிறீர்? ஆளை ஏத்தினது அவன். நீர் எழுதிக் குடுத்தால் அவன் வரிக் கந்தோருக்குப் பொய் சொன்னவன் எண்டும் வரும், நாங்கள் சொல்லவைச்சம் எண்டும் வரும். ஆருக்கு லாபம்?"

"லாபத்துக்கு இல்லை சேர். அந்தப் பொம்பிளை எழும்பமாட்டா."

"அது துக்கம்தான். ஆனா அது எங்கட கோப்பு இல்லை," என்று மற்றக் கோப்பை எடுத்தார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கூற்றை எழுதி, சவரிமுத்துவிடம் தமிழில் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கடிதத்தை யார் தயாரித்தார் என்பது முக்கியமில்லை, கையெழுத்திட்டவரையே அது கட்டுப்படுத்தும், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. நான் எழுதிக்கொடுத்தும் ஒரு சதம் அசையவில்லை. அந்த வருட முடிவில் எனக்கு ஓய்வு தந்தார்கள். நான் கேட்ட ஓய்வு அல்ல, ஆனால் பூமாலை போட்டார்கள்.

சவரிமுத்து மேல் வழக்குப் போடச் சொல்லி ராமையாவுக்குப் பலர் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். "அவரு மேல கேஸ் போட்டா, மத்தவங்கள செவ்வாக்கெழம யாரு ஏத்திக்கிட்டுப் போவா?" என்றாராம். ஆனால் ஏற்றுவதற்கு வேனும் அதிக நாள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் சக்கர நாற்காலிக்கும் சவரிமுத்து இருந்ததையெல்லாம் கொட்டினார். மூன்று தவணை தவறியது. வத்தேகமவில் வைத்து லீசிங் ஆட்கள் வண்டியை மறித்து, மா மூட்டைகளை மழையில் றோட்டோரம் இறக்கிவிட்டு, வேனைக் கொண்டுபோனார்கள்.

6. போன வண்டிக்கு வரி

இங்கேதான் எங்கள் தொழிலின் கடைசி அழகைச் சொல்லவேண்டும். வண்டி பறிபோனாலும் சட்டம் அதை விற்பனையாகத்தான் பார்க்கும். மூன்று வருடம் ஐந்தில் ஒவ்வொரு பங்காகக் கழித்ததால், கணக்குப் புத்தகத்தில் வேனின் பெறுமதி பாதிக்கும் கீழே வந்திருந்தது. சந்தையில் வேன் விலையோ ஏறிக்கிடந்தது. லீசிங் கொம்பனி விற்ற விலைக்கும் புத்தகப் பெறுமதிக்கும் உள்ள வித்தியாசம், சவரிமுத்துவின் வருமானம். அதற்கு வரி. விற்ற காசு அவர் கையில் படவேயில்லை. லீசிங் பாக்கிக்கும் பிடித்துவைத்த செலவுக்கும் சரியாகிவிட்டது.

அந்த விவரத்திரட்டை நான் ஓய்விலிருந்துகொண்டே தயாரித்தேன். கையெழுத்து வாங்க மடுல்கெல்லவுக்கு நானே பஸ் ஏறினேன். அவர் இப்போது இன்னொருவரின் கடையில் மூட்டை இறக்குகிறார். கடைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"வேன் போனதுக்கும் வரியா மிஸ்?"

"ஓம்."

என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வந்தது வந்தீங்க, லெட்சுமியப் பாத்துட்டுப் போங்க மிஸ்," என்றார்.

லயத்தின் கடைசி வீடு, காம்பிரா என்பார்கள். முன்பக்கம் இருட்டு. சுவரோடு ஒட்டி, செங்கல் அடுக்கின் மேல், ஒரு நீளச் சீட். சாம்பல் நிற ரெக்சின். ஓரத்தில் சீட் பெல்ட்டின் கொக்கி தொங்கியது. அதில் தலையணைகளை முட்டுக்கொடுத்து லெட்சுமியைச் சாய்த்து வைத்திருந்தார் ராமையா. எதிரே அதே மாதிரி இன்னொரு சீட். கழற்றி வைத்த இரண்டையும் சவரிமுத்து இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"உக்காருங்க மிஸ்," என்றாள் லெட்சுமி, எதிரே காட்டி.

உட்கார்ந்தேன். மெத்தென்றுதான் இருந்தது. நான் யார் என்று அவளுக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றும் தெரியாது. சவரிமுத்து, கணக்கு எழுதுகிற மிஸ் என்று மட்டும் சொன்னார்.

"பகல்ல இதுலதான் சாச்சு வைப்பாங்க," என்றாள். "நல்ல சீட்டுங்க. முந்தி கிளினிக்குக்கு இதுல உக்காந்துதான் போவோம்."

தேத்தண்ணி தந்தார்கள். முழுவதையும் குடித்து முடித்தேன். மிச்சம் வைத்தால் வேறு மாதிரி நினைப்பார்கள். பஸ்ஸில் இறங்கிவரும்போது அழுதேன். என் வயதுக்கும் என் வாய்க்கும் அது பழக்கமில்லை.

7. முதல் கேள்வி

இப்போதும் வேன் எடுக்க முன் சிலர் வீடு தேடி வருகிறார்கள். வாங்குவதா, லீசிங்கா, எதில் வரி குறையும் என்று கேட்கிறார்கள். நீங்களும் நாளைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும்போது கேட்பார்கள். விலை, பதிவு வகை, தவணை, வட்டி எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கிறது. நான் முதலில் கேட்பதற்குக் கட்டம் இல்லை. வண்டி வெறுமையாகப் போகும்போது அதில் யார் ஏறுவார்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். போன் அடித்தால் அடிக்கட்டும்.

போன மாதம் கம்பளையில் இருந்து ஒரு பேக்கரிக்காரர் வந்தார். கலஹாப் பக்கம் பாண் கொண்டுபோக ஒரு வேன் பார்த்திருக்கிறார். பின்னால் இரண்டு வரிசை சீட்.

"இத கழட்டிட்டா வரி கொறையுமாமே மிஸ்?"

"திரும்பி வரேக்க வண்டியில ஆர் வருவினம்?"

"யாரும் இல்ல மிஸ். வெறும் வண்டிதான்."

நான் பேசாமல் இருந்தேன். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். தலையைச் சொறிந்தார்.

"பள்ளிக்கூடம் போற புள்ளைங்க நாலஞ்சு பேரு நிப்பாங்க. பஸ் நிக்காதில்லையா. ஏத்திக்கிட்டு வந்துருவேன்."

"சீட்டைக் கழட்டாதேங்கோ," என்றேன். "வரியைக் கட்டுங்கோ."